ஹார்ன் மேல ஹார்ன் அடுக்குறவங்க கவனத்துக்கு

ஒரு ஜோடி ஹார்ன் பத்தலைன்னு மேல இன்னொரு ஜோடியைத் தூக்கி வைக்கிறீங்களே, எதுக்கு?

மூடின தியேட்டர்ல பழசை வாங்கி, துரு சுரண்டி, டயாப்ரம் மாத்தி, கிராஸ்ஓவர்ல காஞ்சுபோன கெப்பாசிட்டரைத் தூக்கிட்டுப் புதுசு போடுறது எல்லாம் அருமை. அதுல எனக்குச் சண்டை இல்ல. அடுக்குறதுலதான்.

1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ. மேல் ஹார்ன், கீழ் ஹார்ன் ரெண்டுக்கும் உங்க காதுக்கும் உள்ள தூரத்தில் 17 செ.மீ. வித்தியாசம் வந்தா அந்த ஒலி ஒன்றையொன்று அழிச்சுக்கும். வசனம் குழையும். உடனே வால்யூமை ஏத்துறீங்க.

பெரிய ஹாலுக்குச் செஞ்ச சாமான் அது. 1 வாட்டுக்கே 1 மீட்டர்ல 100 டெசிபல் கிட்ட வரும். அமெரிக்காவின் நியோஷ் வேலையிடத்துக்குச் சொல்ற வரம்பு: 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100-க்கு 15 நிமிஷம். உங்க படம் ரெண்டரை மணி நேரம்!

"சத்தம் சுத்தமா இருக்கு, காது வலிக்கவே இல்ல டாக்டர்." அதான் ஆபத்தே. இரைச்சல் தெரியாததால நீங்க குறைக்க மாட்டீங்க. வலி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உள்காதோட நுண்முடி செல்கள் சாக ஆரம்பிச்சிடும். டயாப்ரம் மாதிரி அதை மாத்த முடியாது, திரும்ப முளைக்கவும் செய்யாது.

ஒரே ஜோடி, காது மட்டத்துல வைங்க. சோபாவுல உக்காந்து டெசிபல் அளந்துட்டு அப்புறம் என்கூட சண்டைக்கு வாங்க.