பூகம்பத்துக்குச் சாதி தெரியாதாம்

'பூகம்பத்துக்குச் சாதி தெரியாது, எல்லார் தலையிலும்தான் வீடு இடியும்' என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் தத்துவம் பேசுகிறார்கள். பூகம்பத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்த மண்ணில் எவன் குடியிருக்கணும்னு தீர்மானிச்சது யார்? மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. ஏரி உள்வாயும் ஆற்றோரமும் நமக்கு.

மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிற எங்க சனத்துக்கு அது புரியும். பலகையைத் தட்டினால் சுட்ட ஜாடி ஒருதரம் அதிர்ந்து அடங்கும். பக்கத்து வாளியில் இருக்கிற களிமண் கூழ் தளும்பிக்கிட்டே கிடக்கும். பூமிக்குள்ளும் ஏறக்குறைய இதே கதைதான். பாறையில் வேகமாக ஓடிவருகிற அலை, இளகிய மண்ணில் நுழைந்ததும் மெதுவாகிறது. அதன் சக்தி ஆட்டமாகப் பெருகுகிறது. மண் ஆடுகிற தாளமும் மேலே நிற்கிற கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போனால் கட்டடம் தாங்காது.

1985 செப்டம்பர் 19, மெக்சிகோ. மையம் 350 கி.மீ.க்கு அப்பால். தலைநகரில் பழைய ஏரியின் களிமண்மேல் நின்ற பகுதி நொறுங்கியது. பாறை மேட்டுப் பகுதி பெரும்பாலும் தப்பியது. 2001 ஜனவரி 26, குஜராத். மையம் கட்ச்சில். 200 கி.மீ.க்கும் மேல் தள்ளியிருக்கிற அகமதாபாத்தில், சபர்மதி கொட்டிய ஆழமான வண்டல்மேல், கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் விட்ட மாடிகள் சரிந்தன. 700 பேருக்கு மேல் செத்தார்கள்.

அவர்கள் ஃபிளாட் வாங்கக் காசிருந்தவர்கள், நமக்கென்ன என்று இருக்க முடியாது. குடிசை தீயில் வேகும், வெள்ளத்தில் போகும். பூகம்பத்தில் விழுந்தாலும் நசுக்காது. 1993இல் லாத்தூரில் ஆளைக் கொன்றது கனத்த கல்சுவரும் மண்கூரையும். அதுக்காகக் குடிசையே போதும்னு சொல்ல வரலை. கூவம் கரையிலிருந்து பிடுங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரம் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கான்கிரீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தச் சனங்களுக்கு இனி மண் சொந்தப் பிரச்சினை.

குஜராத் தூரம்னு நினைக்க வேண்டாம். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவுக்கு ஆடியது. 2002இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. ஆனால் மண்டல வரைபடம் உன் தெருவுக்குக் கீழே பாறையா, சேறா என்று சொல்லாது. துளைபோட்டுப் பார்த்தால்தான் தெரியும். கட்டுகிறவன் பார்த்திருப்பான். குடியிருக்கப் போகிறவளுக்கு யார் காட்டினார்கள்?

அதனால் கேட்கிறேன். வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது மண் பரிசோதனை அறிக்கையையும் கொடு. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எந்த ஆட்டத்தைத் தாங்கும் என்று எழுதிக் கொடு. தமிழில் கொடு. பள்ளத்தைக் காட்டி 'காலனி' என்று பலகை நட்டுவிட்டு, நாளைக்கு இடிந்தால் இயற்கைமேல் பழி போடாதே.