சொல்லும் பொருளும்: ‘விட்’ என்னும் பழவினை

ஆங்கிலத்தில் ‘விட்’ என்றால் யாது பொருள் என வினவின், ‘நகைச்சுவைத் திறன்’ என்று மாணவர் விடை கூறுவர். அது பெயர்ச்சொல். அதே வடிவில் வழக்கொழிந்த வினைச்சொல் ஒன்றும் உண்டு. ‘அறிதல்’ என்பது அதன் பொருள். நிகழ்காலத்தில் ‘வொட்’ எனவும், இறந்தகாலத்தில் ‘விஸ்ட்’ எனவும் அது உருமாறும். 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இவ்வடிவங்களைக் காணலாம். காலப்போக்கில் ‘நோ’ என்னும் வினை அதன் இடத்தைக் கைப்பற்றிக்கொண்டது.

இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் இவ்வினையின் வேர் ‘காணல்’ எனப் பொருள்பட்டது. ‘கண்டிருக்கிறேன்’ என்ற வடிவமே நாளடைவில் ‘அறிவேன்’ என்றாயிற்று. வடமொழியின் ‘வித்’ இதன் உடன்பிறப்பு. வித்தை, வித்துவான், வேதம் என நாம் வழங்குவன அவ்வழி வந்தவை. இலத்தீன் கிளையில் தோன்றியதே வீடியோ. ‘நோ’ என்ற வினைக்கும் நம்மிடையே உறவு உண்டு. ஞானம் என்னும் வடசொல் அதன் இனம். தமிழ் வேறு குடும்பத்து மொழி. எனினும் பழந்தமிழில் ‘காட்சி’ என்பது அறிவையும் குறித்தது. திருவள்ளுவர் அப்பொருளில் அதனை ஆண்டுள்ளார்.

வினை மறைந்தபோதிலும் அதன் வழித்தோன்றலாகிய ‘விட்னஸ்’ நீதிமன்றங்களில் இன்றும் வாழ்கின்றது. அறிவைக் குறித்த அச்சொல், பின்னர் அறிந்தவரைக் குறிக்கலாயிற்று. நாம் வழங்கும் ‘சாட்சி’ என்பதோ ‘கண்ணோடு கூடியவர்’ எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. கண்டவரே அறிந்தவர், அறிந்தவரே சாட்சி.

வாகரையில் வாழ்வோர் இதன் பொருளைப் பட்டறிந்தவர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, காணி உறுதியொன்று நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டுக்குக் குறையாத சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். 2004 திசெம்பர் 26ஆம் நாள் கடல்கோளிலும், 2006, 2007ஆம் ஆண்டுகளின் போர்க்கால இடப்பெயர்விலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இங்கே பல. வேலி எங்கே நின்றது, எந்த மரம் எல்லையாக இருந்தது என்பவற்றைக் கண்டறிந்த முதியோரின் சொல் அத்தகையோர்க்குப் பெருந்துணை. முதியோர் மறையின் அவ்வறிவும் உடன் மறையும்.

ஆதலின், மாணவர்களே, உங்கள் அப்பப்பா, அம்மம்மா ஆகியோரிடம் வளவின் நான்கு எல்லைகளையும் கேட்டு, நாளும் குறித்து எழுதிவையுங்கள். கீழே அவர்களிடம் ஒப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள்.