பச்சைமலையின் கிருமியை யார் படிப்பது?

சின்னக் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அந்தச் சளிக்குப் பின்னால் வைரஸ் இருக்கலாம், பாக்டீரியா இருக்கலாம். பாக்டீரியா என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நிமோகாக்கஸை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்து ஆள். சாதாரண நாளில் நம் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். ரத்தத்துக்குள்ளோ மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள்ளோ நுழைந்துவிட்டால் ஆளையே கொன்றுவிடும். ஊடுருவும் தொற்று என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இந்தக் கிருமி சர்க்கரையால் ஆன ஒரு சட்டை போட்டிருக்கிறது. நூறு ரகத்துக்கு மேல் சட்டைகள் உண்டு. தடுப்பூசி சட்டையை அடையாளம் வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறது. சரி, கிருமி சட்டையை மாற்றிக்கொண்டால்?

மாற்றிக்கொள்ளும்! 1928ல் கிரிஃபித் செய்த எலிச் சோதனையை பிளஸ் டூ பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். செத்துப்போன கிருமியிடமிருந்து உயிருள்ள கிருமி மேலுறையை வாங்கிக்கொண்டது. அந்தக் கிருமிதான் நிமோகாக்கஸ். அப்படிக் கைமாறியது டி.என்.ஏ. என்று 1944ல் ஏவரி குழுவினர் காட்டினார்கள். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வியாக நாம் மனப்பாடம் செய்த விஷயம், இன்று தடுப்பூசித் திட்டங்களுக்குத் தலைவலி :-)

அமெரிக்காவில் 2000ல் 7 வகைகளைத் தடுக்கும் ஊசி வந்தது. நோய் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஊசியில் இல்லாத 19ஏ என்ற வகை தலைதூக்கியது. 2010ல் அதையும் சேர்த்து 13 வகை ஊசி கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு பிரான்ஸில் அந்தப் 13லும் இல்லாத 24எஃப் கிளம்பியது. கிருமியின் முழு மரபணுத் தொகுதியையும் படித்துப் பார்த்தபோதுதான், அதன் பின்னால் இருப்பது பல மருந்துகளுக்கு அடங்காத ஒரே பரம்பரை என்றும், அந்தப் பரம்பரை உலகெங்கும் பல சட்டைகளில் திரிகிறது என்றும் தெரிந்தது. சட்டையை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

இனி நம் கதைக்கு வருவோம். 1993 முதல் 1997 வரை வேலூர் சி.எம்.சி. ஒருங்கிணைக்க, ஆறு இந்திய மருத்துவமனைகள் இந்தக் கிருமியைக் கண்காணித்தன. 2011ல் தொடங்கிய உலக நிமோகாக்கஸ் மரபணு வாசிப்புத் திட்டம் இதுவரை 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகளைப் படித்திருக்கிறது. அதில் பெங்களூர் கெம்பேகவுடா மருத்துவ நிறுவன ஆய்வகமும் பங்கெடுத்தது. இந்தியாவின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் 2017ல் சில மாநிலங்களில் நிமோகாக்கஸ் ஊசி சேர்ந்தது. 2021ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. அதே 2021ல் சென்னையில் தமிழக அரசே சொந்தமாக ஒரு மரபணு வாசிப்பு ஆய்வகமும் திறந்தது, கொரோனாவுக்காக.

ஊசி இருக்கிறது, மெஷினும் இருக்கிறது. அப்புறம் என்ன குறை?

பச்சைமலையை எடுத்துக்கொள்ளுங்கள். துறையூருக்கு மேலே வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு என்று மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். அங்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் பக்கத்தில் கிடைக்கும் ஆன்டிபயாடிக்கை முதலில் கொடுத்தாக வேண்டும். அதில் தப்பே இல்லை, உயிர்தான் முக்கியம். அடங்காவிட்டால் துறையூர், அதற்கும் மேல் திருச்சி பெரியாஸ்பத்திரி. அங்கே போய் ரத்தம் எடுத்து வளர்த்தால் பெரும்பாலும் ஒன்றும் வளராது. மருந்து கிருமியைக் கொன்றிருக்கும். போதாக்குறைக்கு நிமோகாக்கஸ் தாமதமானால் தானே வெடித்துக் கரைந்துபோகும் ரகம். வளராத கிருமியை எந்த மெஷினால் முழுசாகப் படிக்க முடியும்?

ஆக, மரபணுக் கண்காணிப்பு என்று நாம் சொல்வது பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர முடிந்தவர்களின் கிருமிகளைக் கண்காணிப்பதுதான். மலைமேல் என்ன சுற்றுகிறது என்பது கணக்கிலேயே வராது. கணக்கில் வராதது அடுத்த தடுப்பூசியிலும் வராது.

"ரோடும் டாக்டரும் இல்லாத இடத்தில் ஜீனோம் ஒரு கேடா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்பது மலைமேல் மெஷின் அல்ல. ரத்தம் வளர்க்கும் பாட்டில், அதுவும் துறையூர் அளவிலாவது, ஊசி மருந்து தொடங்குவதற்கு முன்னால். கிருமி வளர்ந்தால் எந்த மருந்து கேட்கும் என்று அந்தக் குழந்தையின் டாக்டருக்கே தெரியும். பிறகு அதே கிருமியை உறையவைத்து சென்னைக்கு அனுப்பலாம். மருந்து முன்னாலேயே கொடுத்தாயிற்றா? பி.சி.ஆர். சோதனை செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் கண்டுபிடிக்கும், சட்டையின் வகையையும் பல நேரம் சொல்லும்.

இன்னொன்று. ரத்தத்தை வாங்கிக்கொண்டு போய்க் கட்டுரை எழுதிவிட்டு மறந்துவிடக் கூடாது. எதற்காக எடுக்கிறோம் என்று பெற்றோரிடம் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, சம்மதம் வாங்கி, முடிவை மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

கொரோனா காலத்தில் எந்த ஊரில் எந்த வகை என்று தினமும் பேசினோம். நிமோகாக்கஸுக்கும் அந்த அக்கறையில் கால்வாசி கிடைத்தால் போதும். மெஷின் வாங்கியது பெரிய வேலைதான். ஆனால் மலையடிவாரத்தில் பாட்டில் வைக்காதவரை, அந்த மெஷினுக்குப் பச்சைமலை என்று ஒரு இடம் இருப்பதே தெரியாது.