புறவாசலில் சிமெண்ட் பூசாதீர்கள்

ஓய்வுபெற்றுக் கையில் நாலு காசு வந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, புறவாசலுக்குச் சிமெண்ட் தளம் போடுவது. நானும் போட்டேன். அது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் புறவாசல் 8 அடி அகலம், 30 அடி நீளம். வீட்டிலிருந்து பின்சுவர் வரை 2 அடி சரிவு. "கரிசல் சகதியில வழுக்கி விழுந்தா யாரு பாக்கது?" என்றாள் மனைவி. நியாயமான பயம்தான். தளம் போட்டோம். அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் பின்வீட்டுத் தம்பி வந்து நின்றார்: "அண்ணாச்சி, உங்க வீட்டு மழை எங்க அடுப்படியில நிக்கு."

கணக்குப் பார்த்தேன். 240 சதுர அடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே சுமார் 220 லிட்டர். தாமிரபரணித் தண்ணீருக்குக் குழாயடியில் காத்திருக்கும் ஊர் நாம். 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்தோம். தரையில் விழுவதை மறந்துவிட்டோம்.

வழி புதிதல்ல. மானாவாரிப் புஞ்சையில் சரிவுக்குக் குறுக்கேதான் உழுவார்கள், வரப்பும் போடுவார்கள். தளத்தை உடைத்து அதையே செய்தேன். குறுக்கே 8 அங்குல உயரத்தில் 3 கல்வரப்பு; நடுவே 4 பாத்தி. மிஞ்சும் தண்ணீர் மெதுவாக இறங்க, ஒரு வரப்பில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம் கடவு. கடைசியில் மிஞ்சுவது குழாய் வழியே சந்துச் சாக்கடைக்குப் போகிறது. மனைவி நடக்க ஓரமாக 2 அடிக்குக் கல் பாவி, பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாயும் வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் அதைத் தாங்காது. ஆகவே வீட்டுச் சுவரையும் பின்சுவரையும் ஒட்டிப் பாத்தி வேண்டாம். 3 அடியாவது விடுங்கள். கோடையில் சோளத்தட்டையைப் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும், வெடிப்பு குறையும். இப்போது கத்தரியும் கொத்தவரையும் காய்க்கின்றன. கறிவேப்பிலை பின்வீட்டுக்கும் போகிறது.

செருப்பில் ஒட்டிய சகதியைக் காட்டி மனைவி இன்றும் முணுமுணுப்பாள். சகதியைக் கழுவிவிடலாம். அந்தத் தம்பி வாசலில் வந்து நின்றபோது எனக்குத்தான் பதில் இல்லை.