ஓசிடி: சுத்தமா, பொறுப்பா, பக்தியா, நோயா?

"எனக்குக் கொஞ்சம் ஓசிடி மச்சி" என்று சொல்லாத மாணவரை இப்போதெல்லாம் கல்லூரிகளில் தேடத்தான் வேண்டும். நோட்டில் இரண்டு கலர் பேனாவால் கோடு போட்டால் ஓசிடி. ஹாஸ்டல் அறையில் செருப்பை வரிசையாக வைத்தால் ஓசிடி. பைக்கை வாரம் இரண்டு முறை துடைத்தால் அதுவும் ஓசிடி. கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2006-ல் தனக்கு இந்தப் பிரச்சனை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதில் உலகம் பிடித்துக்கொண்டது என்ன தெரியுமா? அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர்பான கேன்கள் இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும் என்ற ஒரு விஷயத்தை மட்டும்தான். சினிமாக்காரர்களும் அதே வழிதான். மலையாளத்தில் 2013-ல் 'நார்த் 24 காதம்', தெலுங்கில் 2017-ல் 'மகானுபாவுடு' என்று படங்கள் வந்தன. இரண்டிலும் ஹீரோ ஒரு சுத்தப் பைத்தியம். கடைசியில் எல்லாம் சுபம் :-)

வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே இந்த நோய் இருப்பவர் அந்த வார்த்தையை வாயில் எடுப்பதே இல்லை. பலருக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களோ வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

தமிழில் இதை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். நல்ல பெயர்தான், ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. முதல் பாதி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் எண்ணம். கையில் கிருமி ஒட்டியிருக்குமோ, கேஸை அணைக்கவில்லையோ, வண்டியில் வரும்போது யாரையாவது இடித்துவிட்டோமோ... இரண்டாம் பாதி, அந்தப் பதற்றத்தை அடக்கச் செய்யும் காரியம். கழுவுவது, திரும்பிப் போய்ப் பார்ப்பது, எண்ணுவது, மனசுக்குள் ஒரு வார்த்தையை இத்தனை தடவை என்று சொல்வது. செய்தவுடன் ஒரு நிமிடம் நிம்மதி. பிறகு சந்தேகம் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பு பத்து தடவை செய்தது இப்போது பதினைந்தாகும்.

வரிசையாக அடுக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நோயில் சந்தோஷம் கிடையாது. செய்கிறவருக்கே அது அர்த்தமில்லாதது என்று பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ம் ஆண்டு கையேடு இதற்கு ஒரு நடைமுறை அளவு வைத்திருக்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இது தின்றுவிடுகிறதா, அல்லது படிப்பு, வேலை, உறவு என்று எதையாவது கெடுக்கிறதா? அப்படியென்றால் அது பழக்கம் அல்ல, நோய்.

இது யாருக்கோ எங்கோ வருவது என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களில் நடந்தது, தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக அது கண்டது. 0.8 என்பது பார்க்கச் சின்ன எண். நம்ம ஊருக்குப் போட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1.3 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். இரண்டு ஊரிலும் சேர்த்துப் பெரியவர்கள் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் 1,200 பேர் வருகிறார்கள். தோராயக் கணக்குதான், ஆனால் பத்து இருபது டவுன் பஸ் கொள்ளும் கூட்டம். அத்தனை பேரும் எங்கே இருக்கிறார்கள்?

நல்ல பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். இதுதான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

முதல் நல்ல பெயர் சுத்தம். "எங்க அத்தை ரொம்ப சுத்தக்காரி, அவங்க அடுப்படிக்குள்ள யாரும் போக முடியாது" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் எத்தனை! குளித்துவிட்டு வந்த பிறகு ஈரத் துணி கொடியில் எதன் மீதோ பட்டுவிட்டது என்று மறுபடி குளிப்பது, வெளியே போய்வந்தவரின் பணத்தைக்கூடத் தண்ணீர் தெளித்து வாங்குவது, குடத்துக் கணக்கில் பிடித்து வைத்த தண்ணீரை ஒரே ஆள் காலி செய்வது. கை வெந்து தோல் உரிந்த பிறகும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மடி, ஆசாரம், தீட்டு என்று ஏற்கனவே தயாராக இருக்கும் விளக்கங்கள் எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. ஆசாரத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். குளித்தால் மடி வந்துவிட்டது, அவ்வளவுதான், பூஜைக்குப் போகலாம். நோய்க்கு அந்த "அவ்வளவுதான்" கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைப் பேசும்போது ஆண்டாள் கதை ஞாபகம் வராமல் இருக்காது. பெருமாளுக்கு வைத்திருந்த மாலையைப் பெண் சூடிப் பார்த்துவிட்டாள், மாலையில் தலைமுடி இருந்தது, அசுத்தமாகிவிட்டது என்று பெரியாழ்வார் பதறினார். பெருமாளோ அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்று கேட்டாராம். இன்றைக்கும் ஆண்டாள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் மதுரை அழகருக்கும் போகிறது. அப்படிப்பட்ட ஊரிலேயே பூஜையறைக் கதவைத் தொட்டுவிட்டோமே என்று ராத்திரி பூராவும் தூங்காத மனுஷர்கள் இருப்பார்கள் என்றால், அதை பக்தி என்று சொல்லித் தட்டிக் கொடுப்பது எவ்வளவு பெரிய தப்பு!

இரண்டாவது நல்ல பெயர் பொறுப்பு. ராஜபாளையம் மில்லும் கடையும் மண்டியும் நிறைந்த ஊர். கல்லாவில் இருப்பவர் பணத்தை இரண்டு முறை எண்ணினால் தொழில் தெரிந்தவர். பதினெட்டு முறை எண்ணிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் வரை போய், பூட்டைப் பார்க்கத் திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி பாதி வழியில் திரும்புகிறார் என்றால்? முதலாளிக்கு அது நேர்மையாகத்தான் தெரியும். கணக்கர்களிடம் இது இன்னும் நன்றாக மறைந்துகொள்ளும், ஏனென்றால் சரிபார்ப்பதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம்.

மாணவர்களிடம் இதே விஷயம் வேறு மாதிரி வரும். பெரும்பாலும் 25 வயதுக்குள், அதிலும் பதின்பருவத்தில், தலைகாட்டும் நோய் இது. அதாவது சரியாகப் பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி நேரத்தில். ஒரே வரியை முப்பது முறை படிப்பான், சரியாக உள்ளே போகவில்லை என்று தோன்றும். பரீட்சையில் ஒரு எழுத்து கோணலாக விழுந்தால் அடித்துத் திரும்ப எழுதுவான். ரிஜிஸ்டர் நம்பரை மட்டும் பத்து தடவை சரிபார்ப்பான். மூன்று மணி நேரம் முடியும்போது பாதி விடைத்தாள் காலி. பதில் எல்லாம் தெரிந்த பையனுக்கு அரியர்! "ஸ்லோ ரைட்டர்" என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு "எழுதும்போது உன் மனசுல என்னப்பா ஓடுது?" என்று ஒரு ஆசிரியர் கேட்டால் போதும். யாரும் கேட்பதில்லை.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, அதற்கு நல்ல பெயர்கூடக் கிடையாது. கை கழுவுவது, பூட்டுவது எல்லாம் வெளியே தெரியும். இது உள்ளேயே நடக்கும். சாமி கும்பிட நிற்கும்போது சாமியைப் பற்றியே கெட்ட வார்த்தை மனதில் ஓடும். கைக்குழந்தையைத் தூக்கிய தாய்க்கு, இதைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற படம் கண்முன் வரும். யாரை மதிக்கிறோமோ அவரைப் பற்றியே ஆபாசமான நினைப்பு வரும். இப்படிப்பட்ட எண்ணம் எப்போதாவது வந்து போவது எல்லா மனிதருக்கும் உண்டு. மற்றவர்கள் 'சீ' என்று தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இந்த நோய் உள்ளவர் தள்ள முடியாமல், தான் ஒரு கொடூரமான பிறவி என்று முடிவு கட்டிவிடுவார். கத்தியை ஒளித்து வைப்பார், குழந்தையைத் தூக்க மாட்டார், கோயிலுக்கே போக மாட்டார். உண்மையில் அந்த எண்ணம் அவர் விருப்பத்துக்கு நேர் எதிரானது, அதனால்தான் இத்தனை பயம். நோயின் எண்ணம் வருவதாலேயே அவர்கள் அதைச் செய்துவிட மாட்டார்கள் என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பரிகாரம், மந்திரித்த கயிறு, "பொண்ணப் பார்த்துக் கட்டி வெச்சா சரியாயிடும்". கல்யாணம் செய்துவைத்தால் இந்த நோய் சரியாகாது. வந்த பெண்ணும் சேர்ந்து கழுவ ஆரம்பிப்பாள்.

இது கிண்டலுக்காகச் சொன்னதில்லை. வீட்டில் உள்ளவர்கள் அன்பினாலேயே இந்த நோய்க்குச் சோறு போட்டு வளர்க்கிறார்கள். "கேஸை அணைச்சுட்டியாப்பா?" "அணைச்சுட்டேன்மா." ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, "நிஜமாவே அணைச்சுட்டியா?" "ஆமாம்மா, சத்தியமா." ஒவ்வொரு பதிலும் அம்மாவுக்கு அந்த நிமிடத்து ஆறுதல், நோய்க்கோ அடுத்த வேளைச் சாப்பாடு. பிறகு மொத்தக் குடும்பமும் வாசலில் கால் கழுவி, தனித் துண்டில் துடைத்து, சொன்ன இடத்தில் மட்டும் உட்காரும். திட்டினால் நோய் கூடும், ஒத்துப்போனாலும் கூடும். இதை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதைச் சிகிச்சை கொடுப்பவர்தான் குடும்பத்துக்குச் சொல்லித்தர முடியும்.

2020 கொரோனா காலத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. இருபது விநாடி கை கழுவு என்று உலகமே சொன்னது. சுத்தக்காரி அத்தைகள் எல்லாம் "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்கள். கொரோனா அடங்கி, மற்றவர்கள் சானிடைசர் பாட்டிலைத் தூக்கிப் போட்ட பிறகும் யார் கை இன்னும் குழாயடியில் இருக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சிகிச்சைக்கு வருவோம். 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் ஒரு முறையைப் பதிவு செய்தார். பயப்படுவதை எதிர்கொள்ள வைப்பது, ஆனால் வழக்கமான சடங்கைச் செய்யவிடாமல் தடுப்பது. கதவுக் கைப்பிடியைத் தொடு, கழுவாதே, காத்திரு. பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். சின்னப் பயத்தில் தொடங்கிப் பெரியதுக்குப் போவார்கள். இன்றைக்கும் இந்த நோய்க்கு முதல் வரிசைச் சிகிச்சை இதுதான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். இருப்பாய்வு தயாரிக்கும்போது இரண்டு பக்கமும் சேராவிட்டால் என்ன செய்கிறோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதிவிட்டு மேற்கொண்டு போகிறோம். பிழை இருக்கலாம், இருந்தாலும் வேலை நிற்கக்கூடாது. ஓசிடி மனசுக்கு அந்த அனாமத்துக் கணக்கைத் திறக்கத் தெரியாது. ஐந்து பைசா சந்தேகத்துக்காக முதல் பக்கத்திலிருந்து மறுபடி கூட்டும். 'பூட்டினேனா இல்லையா, தெரியவில்லை, போகட்டும்' என்று அந்த ஐந்து பைசாவோடு பஸ் ஏறக் கற்றுக்கொடுப்பதுதான் மேலே சொன்ன பயிற்சி.

மாத்திரைகளும் உண்டு. ஃப்ளுவாக்ஸிடின், செர்ட்ராலின் போன்றவை. மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இவை தூக்க மாத்திரை அல்ல, அடிமையாக்கும் என்பதும் கட்டுக்கதை. அதற்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

எங்கே போவது என்ற கேள்விக்கு முன்பு மதுரை என்பதுதான் பதிலாக இருந்தது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் அங்கேதான். ராஜபாளையத்திலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர், ஒரு நாள் கூலி போய்விடும். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. அதே 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வசதி முன்பைவிடப் பக்கத்தில் வந்திருக்கிறது. பயம்தான் பக்கத்தில் வரவிடாமல் தடுக்கிறது. தென் மாவட்டங்களில் மனநோய் என்றாலே மனதில் வருவது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் கட்டிவைத்த 28 பேர் தீயில் கருகிய ஊர். பூட்டை நாலு தரம் பார்க்கிற மனுஷனை அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்களோ என்று குடும்பம் பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த நோய்க்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேரவே தேவையில்லை. வந்து, பேசி, மருந்து வாங்கி, வீட்டுக்குப் போகிற சமாச்சாரம்.

அதிலேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. 2017 மனநலச் சட்டம், உடல் நோய்க்குத் தருவதுபோலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பல சாதாரணப் பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். புறநோயாளியாகவே குணமாகக்கூடிய நோய்க்கு அந்தச் சட்டத்தால் எவ்வளவு லாபம் என்பதைக் காப்பீடு பாடம் படிக்கும் மாணவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

டாக்டரிடம் போகுமுன் ஒரு காரியம் செய்தால் நல்லது. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதுங்கள், அல்லது எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, என்ன எண்ணம், என்ன செய்தார், எவ்வளவு நேரம் ஆனது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தார் என்பதையும் ஒரு வரி. வாய்விட்டுச் சொல்லக் கூசும் எண்ணம் என்றால் எழுதி நீட்டிவிடலாம், அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இதைப்போல நூறு பார்த்தவர். "ரொம்ப நாளா ஒரு மாதிரி இருக்கு சார்" என்று இழுப்பதைவிட, நாளைக்கு மூன்றேகால் மணி நேரம் குழாயடியில் போகிறது என்று கூட்டி எழுதிய அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டினால் டாக்டருக்கு வேலை சுலபம்.