பத்தாம் வகுப்பும் கதைப் புத்தகமும்

பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் கதைப் புத்தகம் எதற்கு என்று கேட்காத வீடு எங்கள் வகுப்பில் ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் வகுப்பில் "புத்தகத்தை எடுத்துப் படி" என்று சொன்ன அதே பெற்றோர், பத்தாம் வகுப்பில் "புத்தகத்தை வைத்துவிட்டுப் படி" என்கிறார்கள். இந்த இரண்டு 'படி'க்கும் உள்ள வேறுபாட்டை எந்த இலக்கண நூலும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஜூன் மாதம் முதல் எங்களுக்கு நூலகப் பாடவேளையும் கிடையாது. அந்த வேளையில் கணக்கு நடக்கிறது. கணக்கின் மேல் எங்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு பாடவேளையாவது தேர்வுக்கு வராத ஒன்றைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. வெறுமனே சொன்னால் யார் கேட்பார்கள்? ஆகவே இவ்வாண்டு நாங்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த சில நூல்களைச் சாட்சிக்கு அழைக்கிறோம். பெரியோர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்றால் பலரும் அதன் பருமனைக் கண்டே ஒதுங்கி விடுகிறார்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப் பெறாமலேயே நின்று, 1950இல் நூலாக வெளிவந்த தன்வரலாறு அது. முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தோழியரே. 1871இல் மாயூரத்துக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தேடிப் போகும் இடத்தில் தொடங்குங்கள். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்த அந்தத் தந்தையைப் பற்றிப் படித்தபோது, டியூஷனுக்கு இரண்டு தெரு தள்ளிப் போவதற்கே முணுமுணுக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம்.

ஆனால் எங்கள் வழக்குக்கு வேண்டிய பகுதி அதற்குப் பின்னால் வருகிறது. 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகி விட்டார். அங்கே சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்டவர் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை! தமிழாசிரியராக இருப்பவரின் பாடத்திட்டத்துக்கு வெளியே அப்படி ஒரு பெருங்காப்பியம் கிடந்திருக்கிறது. அந்த ஒரு கேள்வியால் ஏடு தேடத் தொடங்கியவர், 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். பிறகு சிலம்பும் மணிமேகலையும் புறநானூறும் வந்தன. சைவ மடத்தில் பயின்ற அவர், சமணக் காப்பியம் விளங்குவதற்காகக் கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குப் போய்ப் பாடம் கேட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். பாடத்தோடு நின்றிருந்தால் இன்று எங்கள் தமிழ்ப் பாடப்புத்தகமே இவ்வளவு கனம் இருந்திருக்காது. (அது நல்லதுதானே என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள். அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை.)

கதை படித்தால் பெண்பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார். அவருக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையைச் சிபாரிசு செய்கிறோம். அவரும் முன்சீப், மகாவித்துவானின் நண்பர், நம்மைப் போல் கோவிலில் முழந்தாளிட்டு வளர்ந்த கத்தோலிக்கர். தமிழில் படிப்பதற்கு உரைநடை நூல்கள் இல்லையே என்ற குறையினால் 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல் அதுவே. அதில் பிரதாபன் படிக்காமல் இருந்தால் கனகசபை என்ற வேறொரு பையனுக்கு அடி விழும்! சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆயினும் எங்களுக்குப் பிடித்தவள் ஞானாம்பாள்தான். ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே அரசாளுகிறாள். பிரதாபனுக்குப் புத்தி சொல்வதும் அவளே. நடுநடுவே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நீளமாக அறிவுரை கூறுவது எங்களுக்குச் சலிப்பாக இருந்தது. அந்த இடங்களை மட்டும் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினால் புத்தகத்தைப் பிடுங்க மாட்டார்கள் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை.

ஆன் பிராங்கின் நாட்குறிப்பை எல்லோரும் பரிசாகக் கொடுக்கிறார்கள், சிலரே படிக்கிறார்கள். 1942 ஜூனில் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கிடைத்த ஏடு அது. அடுத்த மாதமே நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பம் ஒளிந்துகொண்டது. 1944 ஆகஸ்டில் பிடிபட்டார்கள். 1945இன் தொடக்கத்தில் முகாமில் அவள் இறந்தபோது வயது பதினைந்து. அது எங்கள் வயது. ஆனால் பரிதாபத்துக்காக அதைப் படிக்காதீர்கள் என்போம். தாயோடு சண்டை, அக்காளோடு பொறாமை, உடனிருந்தவர்களைப் பற்றிய கேலி எல்லாம் அதில் இருக்கின்றன. போர் முடிந்தபின் மக்களின் நாட்குறிப்புகள் தொகுக்கப்படும் என்று வானொலியில் கேட்டதும், தான் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து திருத்தி எழுதத் தொடங்கினாளாம். அந்த அறையில் இருந்துகொண்டு திருத்தப்படி எழுதியிருக்கிறாள்! நாங்கள் கட்டுரையை இரண்டாம் முறை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறோம்.

ஹெலன் கெல்லரைப் பற்றி எழுதவில்லை. அவரை எல்லோருக்கும் தெரியும்.

ராஜம் கிருஷ்ணனுக்கு முறையான பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. எழுதப் போகும் மக்களிடம் நேரில் போய்ப் பழகிப் பார்த்தே எழுதுவார். அவருடைய 'பாதையில் பதிந்த அடிகள்' மணலூர் மணியம்மையின் வாழ்க்கை. இளமையில் கைம்பெண்ணான அம்மையார் தலைமுடியைக் குறைத்து, ஆண்களைப் போல் வேட்டியும் சட்டையும் உடுத்தி, தஞ்சை வயல்களில் கூலியாட்களுக்காகப் போராடினார். நாவல் வடிவில் எழுதியிருப்பதால் எது நடந்தது, எது ஆசிரியர் சேர்த்தது என்று தெரியாமல் தவித்தோம். அது ஒரு குறையே. அவருடைய 'கரிப்பு மணிகள்' (1979) அதைவிட எங்களைத் தொட்டது. தூத்துக்குடி உப்பளத்தில் பொன்னாச்சி என்ற பெண்ணும் அவள் தம்பியும் கூலிக்குப் போகிறார்கள். வெயிலும் உப்பும் காலைத் தின்கின்றன. கங்காணி பெண்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதையும் ஆசிரியை மறைக்கவில்லை. மகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோரைக் கேட்கிறோம்: வேலைக்குப் போகும்போது தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

இனிச் சொல்லப் போவதற்கு எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்த தன்வரலாறு. பனைமட்டையின் இருபுறமும் ரம்பம் போல் இருக்குமே, அதுதான் கருக்கு. பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டது. தமிழம்மா கையில் கொடுத்தால் சிவப்பு மை தீர்ந்துவிடும். மூன்றாம் வகுப்புப் படிக்கையில், பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள் சிறுமி. வேடிக்கையாக இருக்கிறதே என்று சிரிக்கிறாள். அவர் கைபட்டால் மேல்சாதிக்காரர் உண்ணமாட்டார் என்று அண்ணன் பிறகு விளக்குகிறார். அந்தப் பக்கத்தை மதிய இடைவேளையில் உரக்கப் படித்தோம். எங்களில் ஒருத்தி அதன்பின் மணி அடிக்கும்வரை பேசவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் அவளே புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய விரும்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியையும் வசதியையும் கண்டு வெளியேறியதையும் பாமா எழுதியிருக்கிறார். நம் சிஸ்டர்களுக்கு அது வருத்தம் தரலாம். ஆனால் வேற்றார் தூற்றியதன்று. உள்ளே வாழ்ந்து, நேசித்த ஒருவர் மனம் நொந்து சொன்னது. இந்நூல் நம் நூலகத்தில் இருக்க வேண்டும் என்றே எங்களில் பெரும்பாலோர் கருதுகிறோம். எங்களை உயர்வாக நினைத்துத்தானே இவ்வளவு வெளிப்படையாக எழுத மதர் அனுமதித்திருக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. ஒருத்தியின் அக்காள் கல்லூரியிலிருந்து கொண்டு வந்தது. கைபட்டுக் கைபட்டு அட்டை கிழிந்ததால் செய்தித்தாளில் அட்டை போட்டிருக்கிறோம். இன்னும் ஒன்பது பேர் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். இந்த மலர் கைக்கு வரும்போது நாங்கள் தேர்வுக்குப் போய்க்கொண்டிருப்போம். பெயர்ப் பட்டியலை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். நூலகப் பாடவேளையை அவர்கள் கேட்டு வாங்கட்டும்.