யாருடைய கண்ணால் ஒளியை அளப்பது?

துகிர் என்ற சொல் சங்கப் பாடல்களிலேயே உண்டு. பவளம் நவமணிகளுள் ஒன்று; இதழுக்கு உவமை. இத்தனை நூற்றாண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் பவளம் நமக்கு ஒரு கல்லாகவும் ஒரு நிறமாகவுமே இருந்துவந்திருக்கிறது. அணிகலனாகும் செம்பவளம் வேறு இனம் என்பது உண்மைதான். ஆனால் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி வளர்ந்த பவளப்பாறைகளையும் நாம் கல்லென்றே நடத்தினோம். வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுட்டோம், கட்டடம் எழுப்பினோம். 2001இல் பாறை அமைக்கும் பவள இனங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகே அந்தக் கல் சட்டத்தின் பார்வையில் விலங்காயிற்று.

விலங்குதான், ஆயினும் ஒளியால் வாழும் விலங்கு. அதன் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு ஆக்கித் தரும் உணவே அதற்கு முதன்மை ஆதாரம். ஒளி குறைந்தால் பட்டினி. ஒளி மிகுந்து நீரும் சூடேறினால் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இத்தகைய பெரும் வெளிறலைக் கண்டது.

வெளிநாடுகளில் வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் இதை நன்கறிந்தவர்கள். தொட்டியின் மேல், நடு, அடி என்று இடத்துக்கு இடம் ஒளிமானியை வைத்து அளந்த பிறகே எந்தப் பவளத்தை எங்கே வைப்பதென்று முடிவு செய்கிறார்கள். நம் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். அந்தப் பொழுதுபோக்கை நான் பரிந்துரைக்கவில்லை. அதிலுள்ள ஒழுங்கு மட்டுமே நமக்கு வேண்டியது.

ஆனால் எந்த மானி? லக்ஸ் மானி மனிதக் கண்ணின் பிரதிநிதி. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அளவிலான பச்சையில் மிகக் கூர்மையானது, நீலத்தில் மந்தமானது. நுண்பாசிக்கோ நீலமே விருந்து. தெளிந்த கடலில் ஆழம்வரை இறங்குவதும் அதுவே. ஆகவே 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களை மைக்ரோமோல் கணக்கில் எண்ணும் மானி தேவைப்படுகிறது. வெயிலில் ஏறத்தாழ 54 லக்ஸ், சதுர மீட்டருக்கு நொடிக்கு ஒரு மைக்ரோமோலுக்குச் சமம். 450 நானோமீட்டர் நீல விளக்கிலோ ஏழெட்டு லக்ஸ் போதும். வெயிலின் கணக்கை வைத்துக்கொண்டு நீல விளக்கின் கீழ் லக்ஸை நம்புகிறவர், பவளத்துக்குப் போதாது என்று எண்ணிக்கொண்டே அதைச் சுட்டுவிடுவார்.

நம் கடலையும் நாம் இப்படித்தான் அளக்கிறோம் என்பது என் எண்ணம். கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளருகே நிற்கும் பயணிக்குக் கடல் அழகாகவே தெரியும். மணற்பாங்கான அந்தக் கரையில் பவளப்பாறை இல்லை. பற்றிக்கொள்ளக் கெட்டியான தளமும் தெளிந்த நீரும் ஒருங்கே அமைந்தால்தான் அது வளரும். எனினும் மீனுக்கு அடிப்படை உணவான மிதவைப் பாசிகள் அங்கும் ஒளியையே நம்பியிருக்கின்றன. கரையோரத்தில் தூர் வாரினாலோ கட்டுமானம் எழுப்பினாலோ நீருக்குள் எவ்வளவு ஒளி குறைந்தது என்பதைப் பயணியின் கண் சொல்லாது. மீனவர் நீரின் நிறம் பார்த்துச் சொல்வார். ஆனால் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு எழுத்தில் கணக்கில்லாதபோது அவர் சொல் வெறும் புலம்பலாகக் கொள்ளப்படும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி, வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். இன்றும் நீரின் தெளிவை அளக்க அம்முறை பயன்படுகிறது. அதுவும் மனிதக் கண்ணை நம்புவதுதான். ஆனால் அந்தக் கண்ணிடம் அது அழகைக் கேட்பதில்லை. ஓர் எண்ணைக் கேட்கிறது. கடற்கரைப் பள்ளிகள் மீனவர் துணையோடு படகிலிருந்து வாரம் ஒருமுறை இதைச் செய்து ஒரு நோட்டில் எழுதிவந்தால் பத்தாண்டுகளில் அது அவ்வூரின் சாட்சியமாகிவிடும்.

தொட்டிக்காரர் ஒரு துண்டுப் பவளத்தை வைப்பதற்கு முன் ஒளியை அளக்கிறார். கடலில் நாம் எதை வைப்பதானாலும் அதற்கு முன் அந்த அளவு நம் கையில் இருக்க வேண்டும்.